ஆட்கள் சுவராக நின்ற நாள்

நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். பாதியில் நிற்கிற வரைபடத்தைக் கட்டடம் கட்டச் சொன்னவரிடம் காட்டலாமா, கூடாதா? காட்டுவதென்றால் எப்படிக் காட்டுவது? அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் "உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள் ஐயா" என்றீர்கள். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. வேலையை விட்டு இத்தனை காலமாகியும் வீட்டுக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன், தரை தேய்கிறது என்று என் மனைவி ஏசுகிறாள். அதனால்தான் எழுதித் தருகிறேன். இதையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதுகளில் கோயமுத்தூரில் எங்களைப் போன்ற வரைபடக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மின்சாரம் வந்த புதிது. காசு வைத்திருந்தவர்கள் மில் கட்ட ஆசைப்பட்டார்கள், மில் கட்டியவர்கள் பங்களா கட்ட ஆசைப்பட்டார்கள். நான் வேலை பார்த்தது ஒரு துணிக்கடை மாடியில் இருந்த சின்ன ஆபீசில். முதலாளி மராமத்து இலாகாவில் ஓவர்சீயராக இருந்து வெளியே வந்தவர். கை சுத்தமான கை. அவர் இழுத்த கோட்டை அழிக்க மனசு வராது. ஆனால் முடியாத வேலையை ஒருவர் கண்ணிலும் காட்டமாட்டார்.

"பாதி வெந்த சோத்தை எலையில வெச்சா திம்பாங்களாய்யா? முழுசா வெந்ததும் காட்டலாம்" என்பார்.

முழுசாக வேகவைப்பது என்றால் என்ன தெரியுமா? டிரேசிங் துணியில் கறுப்பு மை, அதற்கு மேல் வர்ணம், வாசலில் ஒரு மோட்டார் கார், பக்கத்தில் குடை பிடித்தபடி ஒரு சீமாட்டி. துடியலூரில் ஒருவருக்கு அப்படி வீட்டுப் படம் போட்டுக் கொடுத்தார். அழகுக்காக ஓரத்தில் ஒரு வேப்பமரமும் போட்டிருந்தார். கிரகப்பிரவேசத்தன்று அந்த மனுஷர் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு எங்களிடம் வந்து, "எல்லாஞ் சரிங்க. மரம் எங்கீங்க?" என்றார். அவர் கேலி பண்ணவில்லை. படத்தில் இருந்ததெல்லாம் தனக்கு வரவேண்டியது என்று மனதார நம்பியிருக்கிறார். முதலாளி அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று இப்போது எழுத வேண்டாம்.

மரம் போனால் போகிறது. அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. இத்தனை மையும் வர்ணமும் பூசிய படத்தைப் பார்த்து நம் ஊர்க்காரர் யாரும் ஒரு குறையும் சொல்லமாட்டார். வீடு தேடி வந்தவன் கஷ்டப்பட்டு வரைந்துகொண்டு வந்ததை மூஞ்சிக்கு நேரே எப்படிக் குறை சொல்வது? மோர் கொடுப்பார்கள், வெற்றிலைத் தட்டை நகர்த்துவார்கள், "நல்லா இருக்குதுங்க, செஞ்சுபோடலாமுங்க" என்பார்கள். நாமும் காரியம் முடிந்தது என்று சந்தோஷமாக பஸ் ஏறிவிடுவோம். அந்த மரியாதையில் வளர்ந்தவன்தான் நானும். ஆனாலும் வரைபலகைக்கு முன் நிற்கிறவனுக்கு அது விஷம் என்று சொல்வேன்.

காரமடைப் பக்கம் சென்னியப்ப கவுண்டர் என்று ஒருவர் இருந்தார். நல்ல கிணற்றுப் பாசனம், நல்ல பண்ணையம். அவருக்கு ஒரே மகள், பெயர் மரகதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தவளுக்கு வலி எடுத்து நிற்காமல் போயிற்று. மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு பெண்ணும் போனாள், பிள்ளையும் போயிற்று. "அத்தனை தூரம் இல்லாம இருந்திருந்தா எம்புள்ள பொழைச்சிருக்குமுங்க" என்பதை அவர் எங்களிடம் சொல்லாத நாளில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டோரம் இருந்த தன் சோளக்காட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி, அங்கே ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவது என்று முடிவு செய்திருந்தார்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா அதை நடத்திக்கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒரு நர்சை அங்கேயே தங்க வைப்பதாகவும் தானே வாராவாரம் வருவதாகவும் சொன்னார். கட்டடம் தனக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. சத்தியமங்கலத்திலிருந்தும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரால் ஒரு ஊரைத்தான் பார்க்க முடியும். காரமடை வேலை இழுத்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம் போய்விடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வரைபடத்தை நாங்கள் பலமுறை கவுண்டரிடம் கொண்டுபோனோம். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். "நல்லா இருக்குதுங்க சாமி. செஞ்சுபோடலாமுங்க." முதலாளிக்குப் பெருமை. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தக் கவுண்டர் சந்தையில் ஒரு காளை வாங்கியதை நான் ஒருமுறை கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். பல்லைப் பிடித்துப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், நடக்க விட்டார், திரும்ப விட்டார், விற்றவனை அழவைத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷர் மகள் பெயரில் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் கண் காகிதத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும், உள்ளே போகாது.

அவர் மனைவி செல்லாத்தா மோர் கொண்டுவந்து வைப்பார். படத்தின் பக்கம் திரும்பவே மாட்டார். ஒருமுறை நான், "அம்மாவும் ஒரு பார்வை பாக்கட்டுமுங்களே" என்று சொல்லிப் பார்த்தேன். கவுண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவகிட்டக் கேக்காதீங்க சாமி. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாப் போதும், எந்திரிச்சுப் போயர்றா. மத்த காரியத்துக்கெல்லாம் எங்கூடப் பேசுவா. இதுக்கு மட்டும் வாயே தொறக்கமாட்டேங்கறா."

எனக்கு அது மனதில் முள்ளாகக் குத்தியது. அந்த வட்டாரத்தில் பெண்கள் காரியம் எதுவானாலும் செல்லாத்தா வார்த்தைதான். அவர் போகாத ஆஸ்பத்திரிக்கு வேறு எந்தப் பெண் போவாள்? பூட்டிய கட்டடத்தைத்தான் நாங்கள் அழகாக வரைந்துகொண்டிருந்தோமோ என்னவோ. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னால் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சித்த சும்மா உக்காருய்யா, பஸ்ஸே ஆடுது" என்றார் முதலாளி.

தரையில் முழு அளவில் கயிறு கட்டி எல்லோரையும் உள்ளே நடக்க விடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் காதே கொடுக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாதான் எனக்குக் கைகொடுத்தார். "எனக்கு உங்கள் படத்தில் அறை எவ்வளவு பெரிது என்றே விளங்கவில்லை. கட்டில் போட்டு அதைச் சுற்றி நான் நடக்க முடியுமா என்று தெரிய வேண்டும். இடத்திலேயே காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன், மத்தியானத்துக்குள் நான் திரும்பிவிட வேண்டும். அன்றைக்கு முடிவு சொல்லிவிடுகிறேன்" என்றார். முதலாளி மறுத்துப் பேச வழியில்லை. "எப்படியோ போங்க. அளவாவது சுத்தமா இருக்கட்டும்" என்று கயிறு கட்ட மூங்கில் முளைக்குச்சிகளைத் தானே சீவிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். சோளம் அறுத்த காடு, அடித்தாள் காலைக் குத்தியது. அறுத்த சோளத்தட்டைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த பண்ணையாட்கள் இரண்டு பேரைக் கவுண்டர் கூப்பிட்டு எங்களுக்கு உதவிக்குக் கொடுத்தார். முதலாளி மூலையைக் குறித்தார். முளையை வைத்து, கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தார்.

சத்தம் கேட்டு, தட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் கட்டைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். எதற்கு ஓடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கவுண்டரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

செல்லாத்தா வந்தார். ஆஸ்பத்திரிக்கு என்று ஒதுக்கிய பிறகு அந்தக் காட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. வரப்பில் நின்றபடியே கேட்டார்.

"ஆரக் கேட்டுங்க மொளை அடிச்சீங்க? இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் மனைக்கு முதல் முளை அடிப்பது என்றால் அது அளவு பார்ப்பதல்ல. நாள் பார்த்து, நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து அடிப்பார்கள். அடித்தால் வீடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதலாளிக்கு இது தெரியாதா? அவரும் இதே சீமைக்காரர்தான். ஆனால் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் முளை அடித்தே காலம் போன மனுஷர், அவர் கைக்கு முளை என்பது வெறும் அடையாளமாகிவிட்டது. மகளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்களின் காட்டில், அந்த மகளின் பெயரில் கட்டப்போகிற இடத்தில், செவ்வாய்க்கிழமை, பூசையில்லாமல், ஒரு வார்த்தை கேட்காமல் நாங்கள் முளை அடித்துவிட்டோம். பார்க்கத்தான் கயிறு கட்டுகிறோம் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. எங்களுக்கு அது பாதி வேலை. அவர்களுக்கு அது முடிந்துபோன காரியம்.

"புடுங்கிப்போடுங்க சாமி" என்றார் கவுண்டர். எங்களுக்காகக் காத்திருக்காமல் தானே குனிந்து பிடுங்கினார், காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். முதலாளி கொட்டாப்புளியோடு நின்றது நின்றபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் கார் வந்து நின்றது. டாக்டரம்மா இறங்கி, வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டைத் தாண்டித் தாண்டி வந்தார். "எங்கே அறை?" என்றார்.

அறை இல்லை. முளை இல்லாமல் கயிறு எப்படி நிற்கும்? "இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்க" என்று முதலாளி ஆரம்பித்துவிட்டார். இன்னொரு நாள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. என்ன செய்வது, யாரைப் பிடிப்பது என்று காட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முளையில் கட்டுவதற்காகக் கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்திருந்த பண்ணையாட்கள், போடுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் கயிறு நேராக இருந்தது.

"கீழ போட்றாதீங்க! அப்படியே நில்லுங்க" என்று கத்தினேன்.

அவர்களையே மூலைகளாக வைத்தேன். போதாததற்குத் தட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஆண்களையும் பெண்களையும் கூப்பிட்டு மிச்சக் கயிறுகளையும் கொடுத்தேன். இவர் தாழ்வார மூலை, இந்தப் பெண் வாசல், அவர் பின்சுவர் என்று ஒவ்வொருவராக நிறுத்தினேன். பிரசவ அறையின் கதவுக்கு ஆள் போதவில்லை, கவுண்டரே போய் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். செல்லாத்தா வரப்பிலிருந்து சந்தேகமாகப் பார்த்தார்.

"இது மட்டும் மொளை இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. மொளைன்னா இருந்த எடத்துலயே இருக்கோணும். இவங்கெல்லாம் பொழுது உழுந்தா ஊட்டுக்குப் போயிருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை.

முதலாளிக்கு மானம் போய்விட்டது. கயிறு தொய்ந்தது, மூலை மட்டத்துக்கு நிற்கவில்லை. பின்சுவராக நின்ற ஆள் காலைச் சொறியக் குனிந்தால் சுவரே குனிந்தது. "ஏப்பா, ஆஸ்பத்திரி சாயுது பாரு" என்று ஒருத்தி சொல்ல, சுற்றி நின்ற எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு மட்டும் வரவில்லை. நான் கவனித்தது அந்தச் சிரிப்புக்குப் பிறகு நடந்ததை. இத்தனை நாள் ஒருவரும் வாயைத் திறக்காத அந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஏனுங்க, வண்டி உள்ள வந்தா எங்கீங்க திருப்பறது? வலிக்காரியை வெச்சுக்கிட்டுப் பொறகால தள்ளறதா?" என்று வாசலாக நின்ற பெண் கேட்டாள். கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே தானே நாலு எட்டுப் பின்னால் போனாள். வாசலும் கூடவே போயிற்று. அதையே மையில் இழுத்த கோடாக வைத்திருந்தால் அவள் கேட்டிருப்பாளா?

உங்கள் கேள்விக்குப் பதில் ஏறக்குறைய இங்கேயே இருக்கிறது. முடியாத வேலையை முடியாத வேலையாகவே காட்டுங்கள். பார்க்கிறவர் கை வைத்தால் நகர வேண்டும். அட்டையில் மாதிரி செய்து காட்டினால் ஒட்டாமல் கொண்டுபோங்கள், காகிதத்தில் காட்டினால் பென்சிலைத் தாண்டாதீர்கள், அவர் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுங்கள். இதற்கு மேல் உபதேசம் எனக்கு வராது. ஆனால் அன்றைக்குக் கஷ்டமான பாகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

டாக்டரம்மா தாழ்வாரத்தில் நடந்தார், கவுண்டர் பிடித்திருந்த கதவைத் தாண்டி உள்ளே போனார். கட்டிலுக்குப் பதில் சோளத்தட்டைக் கட்டாகப் போட்டிருந்தோம். அதைச் சுற்றி வந்தார். "இடம் போதும். இங்கே நானும் நர்சும் மட்டும் இருப்போம்" என்றார். முதலாளி மூச்சு விட்டார்.

செல்லாத்தா எப்போது வரப்பை விட்டு இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. தாழ்வாரத்துக்குள் வந்து, கதவின் முன்னால், புருஷனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள படுத்திருக்கற புள்ளையப் பெத்தவ எங்கீங்க நிக்கறது?" என்று கேட்டார்.

"தாழ்வாரத்தில் பெஞ்சு போடுவோம் அம்மா. அங்கே உட்காரலாம்" என்றார் டாக்டரம்மா.

"கதவுங்க?"

"கதவு சாத்தித்தான் இருக்கும்."

செல்லாத்தா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலயும் என்னைய பெஞ்சுலதானுங்க உக்காரச் சொன்னாங்க. உள்ளயிருந்து அம்மா அம்மான்னு கூப்புட்டுட்டே இருந்தா. நானு எந்திரிச்சுப் போயிக் கதவத் தட்டுனேன். தொறக்கலீங்க. மறுக்காவும் தட்டுனேன். பொறவு அவ கூப்புடறதை உட்டுப்போட்டா."

கவுண்டர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் போன அன்றைக்கு ஆம்பிளைகளை உள்ளே விடாததால் அவர் வண்டியோடு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். இந்தக் கதவு சங்கதி அவருக்கும் தெரியாது. தூரம்தான் மகளைக் கொன்றது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். செல்லாத்தாவுக்கோ அந்தக் கதவு. கவுண்டர் தூரத்தைக் குறைக்க ஆஸ்பத்திரி கட்டப் பார்த்தார், நாங்கள் அதற்குள் அதே கதவைக் கொண்டுவந்து வைத்திருந்தோம். காகிதத்தில் கதவு என்பது ஒரு சின்ன வளைகோடு. எத்தனை முறை அதை நான் வரைந்திருப்பேன்.

டாக்டரம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இறங்கி வரவில்லை. "உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது அம்மா. ஆனால் வெளித் துணியோடு, வெளிக் காலோடு ஆட்கள் உள்ளே வந்தால் பிரசவம் நன்றாக ஆனவள்கூடக் காய்ச்சல் கண்டு போய்விடுகிறாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே விடமாட்டேன். விட்டாக வேண்டும் என்றால் எனக்கு இந்த ஆஸ்பத்திரி வேண்டாம்" என்றார்.

"அப்ப எங்களுக்கும் வேண்டாமுங்க" என்றார் செல்லாத்தா.

இரண்டு பேரும் சொன்னது நியாயம். முதலாளி முன்னால் வந்து, "அது வந்துங்கம்மா, இந்தத் தாழ்வாரம் நல்ல அகலமாத்தான்..." என்று படத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். முதலாளியின் சட்டையை! எனக்கும் வாய் துடித்தது, சொல்வதற்கு என்னிடமும் ஆயிரம் சமாதானம் இருந்தது. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத நான் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நம் படத்தைக் காப்பாற்றுவதற்காக நாம் ஒரு வார்த்தை பேசினால், எதிரில் இருப்பவர்கள் பழையபடி மரியாதைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அப்புறம் மோரும் வெற்றிலையும்தான். என் தொழிலில் நான் செய்த பெரிய காரியம் என்ன என்று கேட்டால், அந்தச் சில நிமிஷம் சும்மா இருந்ததைத்தான் சொல்வேன்.

செல்லாத்தா திரும்பி நடந்தார். போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கயிற்றுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய், கட்டில் போட்டிருந்த பக்கத்துச் சுவருக்கு வெளியே நின்றார். தட்டுக் கட்டைப் பார்த்தார்.

"இங்க நிக்கலாமுங்களா? உள்ள வரலீங்க. வெளியதான் நிக்கறேன்."

"அங்கே சுவர் வரும் அம்மா" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "கட்டிலைத் திருப்பித் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டி வந்தா உங்க வேலைக்குத் தடங்கலுங்களா டாக்டரம்மா?"

அவர் யோசித்தார். கட்டைக் காலால் தள்ளித் திருப்பச் சொன்னார். அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்தார், கையை நீட்டிப் பார்த்தார். "தடங்கல் இல்லை" என்றார். பிறகு சுவர் வரவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "கட்டில் உயரத்துக்கு ஒரு சின்னச் சன்னல். வெளியே நிழலுக்கு ஒரு சார்ப்பு, கை கழுவத் தண்ணீரும் சோப்பும். கழுவின கை மட்டும் உள்ளே வரலாம். முகம் வரக்கூடாது."

"கை போதுமுங்க" என்றார் செல்லாத்தா.

முதலாளிக்கு இப்போது தன் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. மெய்யாகவே கவலைப்பட்டார். "சொவுரு ஒன்றரைச் செங்கல் கனமுங்க. அந்தக் கனத்தைத் தாண்டிக் கை எங்க எட்டப்போகுது? படுத்திருக்கறவ கைக்குக் கெடைக்கோணுமில்ல?" நல்ல கேள்வி. அதற்குக் காகிதத்தில் விடை தேடலாம் என்று அவர் பையைத் திறந்தார்.

டாக்டரம்மா காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். அந்த வெள்ளைச் சேலையோடு சோளத்தட்டு மேல் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டினார். நான் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு இரண்டு கயிறுகளைச் சுவர்க் கனத்துக்கு அகட்டிப் பிடிக்கச் சொன்னேன். செல்லாத்தா வெளிப்பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்து கயிறுகளுக்கு ஊடே கையை விட்டார். எட்டவில்லை. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. "அங்க மட்டும் அரைக் கல்லாப் பண்ணிக்கலாமுங்க" என்று முதலாளியே சொன்னார். பெண்கள் கயிறுகளை நெருக்கிப் பிடித்தார்கள். செல்லாத்தா இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"எட்டுதா அம்மா?" என்று படுத்தபடியே டாக்டரம்மா கேட்டார்.

செல்லாத்தா டாக்டரம்மாவின் கையைப் பிடித்திருந்தார். எட்டுகிறதா என்று பார்த்தாயிற்று, இனி விட்டுவிடலாம். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவும் கையை இழுக்கவில்லை, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார். கயிற்றைப் பிடித்து நின்ற ஒருவரும் அசையவில்லை.

கவுண்டரால்தான் தாங்க முடியவில்லை. கதவுக் கயிற்றைக் கைவிட்டுவிட்டு அடித்தாளின் மேலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

செல்லாத்தா பிடித்த கையை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, எந்திரீங்க. கயித்தப் புடிங்க. டாக்டரம்மா வெயில்ல படுத்திருக்கறாங்க."

கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தார்.